அண்ணன் தோற்ற மாலை

அன்று மாலை முதல்முறையாக அண்ணன் தங்கையிடம் தோற்றான்.

சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். "என்னடி ஆச்சு அவனுக்கு? போயும் போயும் உன்கிட்டயா தோக்கிறான்?"

"அதான் எனக்கும் புரியல."

"பாவம்னு விட்டுக் குடுக்கிறானோ என்னவோ."

"அண்ணனா? உன் பிறந்தநாள் அன்னிக்கே சீட்டாட்டத்துல உன்னை அழ வெச்சவன்மா அவன்."

அது பழைய வீடியோ சண்டை விளையாட்டு ஒன்றின் புதிய பாகம். ஒருவர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அவருடைய நிழலை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அவர் எப்போது பாய்வார், எதற்கு ஏமாறுவார், ஜெயித்ததும் எப்படிக் குதித்துக் காட்டுவார் எல்லாம் அந்த நிழலில் இருக்கும். ஆள் இல்லாவிட்டாலும் அதோடு மோதலாம்.

ஆள் இல்லை. அண்ணன் வேலை பார்த்த கப்பல் மூழ்கியபோது மற்ற எல்லோரும் கிடைத்தார்கள், அண்ணன் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி சொன்ன பிறகு, தங்கை மருந்துக்கடையிலிருந்து வந்ததும் அவனிடம் அடி வாங்க உட்கார்ந்துவிடுவாள். அம்மா பக்கத்தில் இருந்து, "மெதுவாடா, வலிக்கப்போகுது" என்பாள்.

விளையாட்டுப் பெட்டியைப் போட்டதும் திரையில் இரண்டு முகங்கள் வரும். எந்த முகத்தை அழுத்துகிறோமோ அவர் பெயரில் ஆடலாம். ஒன்று அவளுடையது, மற்றது அவனுடையது. அவன் முகத்தை அவள் அழுத்தியதே இல்லை. அவன் பெயரில் யார் ஆடினாலும் அந்தக் கையின் ஆட்டமும் அவன் நிழலில் கலந்துவிடும்.

கடையில் சரக்கு சரிபார்க்கும் வேலை இருந்ததால் சில நாட்களாக அவள் ஆடவில்லை. அன்றுதான் மறுபடி உட்கார்ந்தாள்.

அடுத்த ஆட்டத்திலும் நிழல் பாயவில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு பின்னால் போனது. முதுகு சுவரில் முட்டிய பிறகும் கையை இறக்கவில்லை. அவள் அடிப்பதை நிறுத்தினாள். அதுவும் அப்படியே நின்றது.

"பயந்துபோன மாதிரி இருக்கான்" என்றாள் அம்மா.

"இது தானா மாறாதும்மா. அவன் பேர்ல யாராவது ஆடினாதான் மாறும்."

"வேற ஊர்ல இருந்து ஆட முடியுமா?"

"நெட் இருந்தா எங்கிருந்து வேணா ஆடலாம்."

"வீட்டுல யாராவது..."

"யாரு இருக்கா? நீ இதைத் தொட மாட்ட. அப்பா டிவி ரிமோட்டையே தலைகீழாத்தான் பிடிப்பார்."

அம்மா எழுந்தாள். மடித்த துணியெல்லாம் தரையில் சரிந்தது.

"கையில அடிபட்டிருக்கும். அதான் அடிக்க முடியாம தடுத்துக்கிட்டே இருக்கான். எந்த ஆஸ்பத்திரியில பேச்சில்லாம கிடக்கிறானோ. நமக்குத் தெரியட்டும்னுதான் ஆடுறான்டி."

தங்கை மறுக்க வாய் திறந்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. தங்கை வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா சீருடைக்குப் பட்டன் போட்டபடி அறையிலிருந்து வந்தார். குளிர்கிடங்கில் இரவுக் காவல் அவருக்கு. அம்மாவும் தங்கையும் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் தூங்குவார்.

"என்னங்க, நம்ம பையன் இருக்கான்."

தங்கைதான் விளக்கிச் சொன்னாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. திரையில் சுவரோரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவனையே பார்த்தார்.

"மெஷின்தானே. ஏதாவது கோளாறா இருக்கும்."

"கோளாறு இல்லப்பா. அவனோட பழைய ஆட்டம் சுத்தமா அழிஞ்சுபோச்சு. தினமும் ஆடியிருந்தாதான் இவ்வளவு மாறும்."

"அழிஞ்சே போச்சா?" என்றார் அப்பா. "பழசு திரும்ப வராதா?"

"அண்ணன் வந்து பழையபடி ஆடினா வரும்."

அதற்குள் அம்மா கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தாள். காத்திருக்கச் சொல்லி ஏதோ இசை ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்பத் தேடச் சொல்லப்போறேன். முடியாதுன்னு சொல்லட்டும், அவங்க ஆபீஸ் வாசல்லயே உக்காந்துடுறேன்."

"கொஞ்சம் இரு. யோசிச்சுப் பேசலாம்."

"யோசிக்க என்ன இருக்கு? நீங்க அவனை அன்னிக்கே கை கழுவிட்டீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா? அவன் போட்டோ பக்கமாவது திரும்பினீங்களா? நான் விடல பாருங்க. அதான் வந்துட்டான்."

அப்பா கழுத்துப் பட்டனைப் போடப் பார்த்தார். அது துளைக்குள் போகாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

இசை நின்றது.

"சொல்லுங்கம்மா" என்றது ஒரு பெண்குரல்.

"என் பையன் உயிரோட..." என்று அம்மா தொடங்கினாள். அப்பா போனையும் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வெச்சிடும்மா" என்றார். "அவன்மேல அடி விழாம தடுத்துக்கிட்டே இருந்தது நான்தான்."