மூன்று மாடல் சைக்கிள்

"மூணு மாடலாவது இல்லாத கம்பெனிக்கு நாங்க ஆர்டர் தர்றதில்ல" என்றபடி உட்கார்ந்தார், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடையின் பர்ச்சேஸ் மேனேஜர்.

"மூணு இருக்கு சார்" என்றார் முதலாளி. மலையேறும் சைக்கிள் செய்யும் அந்தக் கம்பெனியில் ஆள் என்று பார்த்தால் அவரும் அவர் மனைவியும்தான். முன்னறை ஆபீஸ், பின்னறை பட்டறை.

சிவப்பு வண்டி வந்தது. மேனேஜர் தூக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், தலையாட்டினார். அதை உள்ளே தள்ளிக்கொண்டு போன முதலாளி, முக்கால் மணி நேரம் கழித்து நீல வண்டியோடு வந்தார்.

"உள்ளே என்ன சத்தம்?"

"என் மனைவி தலைக்குக் குளிச்சிருக்கா சார். ஹேர் டிரையர்."

மறுபடியும் அதே சத்தம், மறுபடியும் முக்கால் மணி நேரம். மஞ்சள் வண்டி வந்தது.

"திரும்பவும் குளிச்சாங்களா?"

"முடி அடர்த்தி சார்."

"மூணுமே பிரமாதம். பக்கத்துப் பக்கத்துல நிறுத்துங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள். தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கையெல்லாம் பெயிண்ட்.

"சார், இருக்கறதே ஒரு வண்டிதான். நீங்க ஆர்டர் தந்தாத்தான் இன்னொண்ணு செய்யவே முடியும்" என்றாள்.

மேனேஜர், மூன்று பெயிண்டும் கலந்து வழிந்திருந்த அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கலரை நான் எங்கேயும் பாத்ததில்லையே. இதுல இருநூறு வண்டி போடுங்க."

அவர் போனதும் மனைவி கவலையோடு சொன்னாள்: "எதோட எது கலந்துச்சுன்னே தெரியலையேங்க."

"இருநூறும் முடியற வரைக்கும் நீ கையைக் கழுவிடாதே" என்றார் முதலாளி.