மூக்கில் மூன்று ஈயக்கட்டிகள்

குட்டி விமானத்தை இரண்டு கம்பிகளால் பிடித்துப் பறக்கவிடும் கைப்பிடிக்கு எப்போதும் பயம்தான். நேற்று வால் கனத்து விமானம் துள்ளி விழுந்ததும், அதன் மூக்கில் மூன்று ஈயக்கட்டிகளை ஒட்டவைத்துவிட்டது.

இன்று விமானம் தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, எழும்பவே முடியல!" என்று கைப்பிடியிடம் சிணுங்கியது விமானம்.

"விழாம இருக்கியே, அது போதும்டா கண்ணு."

"ஏங்க்கா, நீங்க வளர்க்கிறது விமானமா, கோழியா?" என்றது ஒரு ஈயக்கட்டி. "அந்த வாலுக்கு நான் ஒருத்தன் போதும்."

மற்ற இரண்டும் மெல்லக் கழன்றுகொண்டன.

விமானம் ஜிவ்வென்று எழும்பியது. கைப்பிடி கண்களை இறுக மூடிக்கொண்டது.

"கண்ணைத் திறம்மா! நான் உன்னைச் சுத்தித்தான் வர்றேன்."

கைப்பிடி ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"சரி, சரி. ரொம்ப தூரம் போயிடாதே!"

இருவரையும் சேர்த்துக் கட்டியிருந்த கம்பிகள் சிரித்துவிட்டன.