கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் ஓர்ப்படி தமயந்திக்கு நீதிமன்றம் ஓர் அறையைக் கொடுத்திருந்தது. அவளை அடித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் இனி அதற்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு. அதைக் கொண்டுவந்த பாதுகாப்பு அலுவலர் வாசற்படியைக் கையால் காட்டியதோடு சரி. தமயந்திதான் அங்கே சாக்பீஸால் கோடு போட்டாள். குடித்துவிட்டு வந்தாலும் கொழுந்தன் அந்தக் கோட்டில், சுவரில் முட்டியவன் போல நின்றுவிடுவான். அந்தப் பக்கம் அவள் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஒரே வீடு, ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். அவளுக்கு மட்டும் கோடு.

அவள் குளிக்கப் போன நேரத்தில் சாக்பீஸை எடுத்துவந்து என் அறை வாசலில் அவளுடையதைவிடத் தடிமனாகப் போட்டேன். சாயங்காலம் என் கணவர் குனிந்து பார்த்தார்.

"என்னடி இது, கோலமா?"

நன்றாக மிதித்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அவர் வெளியே போன பிறகு தமயந்தி ஓடி வந்தாள். என் முதுகில், கறுப்பு ரவிக்கைமேல், ஒரு குதிகால் வெள்ளையாகப் பதிந்திருந்ததாம். "ஐயோ அக்கா" என்று ஈரத்துணியை எடுத்தாள்.

"துடைக்காதடி. இதோட அப்படியே அந்த ஆபீசரம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ."