மஞ்சள் கவுன்

ஜன்னல்களைச் சாத்திய சபைக் கூடத்தில், ஆப்பிரிக்க ஊழியப் பயணத்தின் படங்களைப் போதகர் வெள்ளைச் சுவரில் ஓட்டுகிறார். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளைக் களையோடு நடுவில் அவரே நிற்கிறார். பக்கத்தில் இருக்கும் பிள்ளை மட்டும் மாறுகிறது. முதல் வரிசையில் அவருடைய அத்தை உட்கார்ந்திருக்கிறாள். அவள் தைத்துக் கொடுத்தனுப்பிய மஞ்சள் கவுன் முதல் படத்துச் சிறுமிக்கு அளவெடுத்தாற்போல் இருக்கிறது. அத்தையின் முகம் மலர்கிறது. அடுத்த படத்தில் அதே கவுன் வேறொருத்திக்கு முழங்காலுக்கு மேலே நிற்கிறது. அதற்கடுத்த படத்தில் இன்னொருத்தி அதற்குள் தொலைந்துபோயிருக்கிறாள்.

“ஏம்ப்பா, நான் ஒண்ணுதானே தச்சேன்?”

“படம் எடுத்ததும் கழட்டி அடுத்த பிள்ளைக்குப் போட்டோம் அத்தை. எல்லாருக்கும் கொடுத்த மாதிரி ஆச்சில்ல?”

“இப்ப அது யார்கிட்ட இருக்கு?”

“என் பெட்டியிலதான். பத்திரமா கொண்டாந்துட்டேன், அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.”

கூட்டம் சிரிக்கிறது. என்ன சாமர்த்தியம் என்று ஒருவர் பிஸ்கட்டைக் கடித்தபடி தலையாட்டுகிறார். கடைசிப் படத்தில் அந்தக் கவுனோடு ஒரு சிறுமி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

“இந்த வயசுலயே கர்த்தரைத் துதிக்குது பாருங்க!” போதகரின் குரல் தழுதழுக்கிறது. சுவரின் வெளிச்சத்தில் கூடம் முழுக்கக் கைகள் உயர்கின்றன. அத்தையின் கைகள் மட்டும் மடியிலேயே கிடக்கின்றன.

“துதிக்கலப்பா,” என்கிறாள். “கழட்டுறதுக்குத் தோதா கையத் தூக்குது.”