காஷ்மீர் வரைக்கும்

பழைய வேன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. விற்கக் கொண்டுபோகும் பீங்கான் பொம்மைகளுக்கு மெத்தையாகப் போட்ட வைக்கோல் இன்னும் பின்னால் கிடந்தது. பிரபா மடியில் இந்திய வரைபடத்தை விரித்திருந்தாள்.

"நாக்பூரு வந்துட்டமாங்க?"

"வந்தாச்சு. ஆரஞ்சு வாசம் வரல?" என்றார் கணவர் பழமலைநாதன்.

"எனக்குத்தான் ஆரஞ்சு ஆகாதே. வாசத்தயாவது காட்டுங்க."

"ஒரு மாசத்துல நாக்பூரு. மாட்டுவண்டியே முந்தியிருக்கும்."

அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "காஷ்மீரு வந்ததும் நிறுத்திடலாங்க. ஒடம்பு தாங்கல."

அவர் கியரை மாற்றினார்.

வேன் நின்றது. சக்கர நாற்காலியோடு நர்ஸ் வந்தாள்.

"வாங்கம்மா, டயாலிசிஸ் மெஷினு ரெடியா இருக்குது. இன்னிக்கு எந்த ஊரு?"

"நாக்பூரு."

விருத்தாசலத்திலிருந்து கடலூர் ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் வந்துபோகும் தூரத்தையெல்லாம் வரைபடத்தில் வடக்கே கூட்டிக்கொண்டே போனதில் வந்த நாக்பூர் அது.

பழமலைநாதன் பென்சிலை எடுத்தார். காஷ்மீரிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தார்.

"அங்கயே நிறுத்திட்டா, வூட்டுக்கு நான் தனியாவா திரும்பி வரது?"

பிரபா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலை வாங்கிக் கோட்டை அடித்துவிட்டாள்.

"திரும்பும்போது ரெண்டு பேரும் பம்பாய் வழியா வரலாங்க. அதுதான் சுத்து."