அடுப்புக்கும் தெரிந்த மாத்திரை

மலர்க்கொடியின் ரத்தத்தைச் சோதித்த மருத்துவமனைக் கட்டில், "காய்ச்சல் விட்டிடுச்சு. இனி டிரிப்ஸ் வேண்டாம், மாத்திரை போதும். வீட்டுக்குப் போகலாம்" என்றது.

"கழட்டிடாத. டிரிப்ஸ் ஏறினாத்தான் நான் நோயாளி. மாத்திரைன்னா நாளைக்கே அடுப்படிதான்" என்றாள் அவள்.

"நான் பாத்துக்கறேன், தைரியமா போங்க" என்றது கட்டில்.

மறுநாள் காலை, அவள் எத்தனை முறை திருகியும் வீட்டு அடுப்பு எரியவில்லை.

"மாத்திரை முடியுற வரைக்கும் இவங்களுக்கு ஓய்வு. வேற யாராவது வாங்க" என்றது அடுப்பு.

மாமியார் அதைத் தட்டிப் பார்த்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள். "டேய் பரிதி, எந்திரிச்சு வந்து உலை வைடா."

முதல் நாள் சோறு குழைந்தது. போகப் போகப் பரிதியின் ரசம் தெரு வரை மணத்தது.

கடைசி மாத்திரையை விழுங்கியதை மலர்க்கொடி யாரிடமும் சொல்லவில்லை.

அடுப்பும் சொல்லவில்லை.