யார் சொல்லி அனுப்பியது

"காது கேளாத பிள்ளைகளுக்காகவே கர்த்தர் உன்னைப் படைத்திருக்கிறார், மகளே" என்று ஜெபக்கூட்டத்தில் வெளியூர்ப் போதகர் ஞானசுந்தரியைப் பார்த்துச் சொன்னதும் சபையே அல்லேலூயா என்றது. அவள் மட்டும் தம்பி மனைவி எப்சியைத் திரும்பிப் பார்த்தாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்று அவள் தங்கியிருப்பது தம்பி வீட்டில்தான்.

"நீ அவர்ட்ட ஏதும் சொன்னியா?"

"சத்தியமா இல்ல மதினி."

நம்பிக்கை வரவில்லை. மறுவாரமே பஸ் ஏறி, பக்கத்து ஊரில் இருந்த காதுகேளாதோர் பள்ளிக்குப் போய், விடுதிப் பொறுப்பாளரிடம் நேராகவே கேட்டாள்: "அந்தப் போதகர் இங்க வந்திருந்தாரா?"

"போன மாசம் வந்தாரே. பிள்ளைகளப் பாத்துக்க ஆள் கிடைக்கலன்னு நாங்கதான் அவர்ட்ட சொன்னோம்."

கர்த்தருடைய குரல் இவ்வளவுதானா! சந்தேகம் சரியாகிப்போனதில் அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. போதகரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஆரம்பித்தபோது, சிறுமி ஒருத்தி பெஞ்சில் ஏறி நின்று அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். பேச்சின் அதிர்வில் அந்தச் சின்ன முகம் மலர்ந்தது.

ஞானசுந்தரி பொறுப்பாளரை முறைத்தாள். "இவள யாரு சொல்லி அனுப்பினது?"

"நேத்துதான் வந்து சேந்தா. இன்னும் சைகைகூடத் தெரியாது. இவளுக்கு யார் என்னத்தச் சொல்ல முடியும்?"

ஞானசுந்தரி வாயை மூடிக்கொண்டாள். சிறுமி கையை எடுக்காமல் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.